விளக்கை அணைத்துவிட்டுக் கச்சேரி கேளுங்கள்!

சென்ற மாதம் 68 வயதுப் பெரியவர் ஒருவர் மூட்டுவலிக்காக மனைவியுடன் என் கிளினிக்குக்கு வந்தார். நாடி பார்க்கும்போது பேச்சு சங்கீதத்தின் பக்கம் திரும்பியது. "கச்சேரிக்குப் போறதையே விட்டுட்டேன் டாக்டர். க்ளாகோமாவுல பார்வை ரொம்பக் குறைஞ்சுபோச்சு. மேடையில யார் இருக்காங்கன்னே தெரியல. போய் என்ன பண்றது?" என்றார். வீட்டில் பேத்தி வயலின் கற்கிறாளாம். அதைக்கூட உட்கார்ந்து கேட்பதில்லையாம்.

"சார், வெளிநாட்டுல டிக்கெட் வாங்கி இருட்டுல உட்கார்ந்து கச்சேரி கேட்கறாங்க, தெரியுமா?" என்றேன். அவர் நம்பவில்லை. அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நான்கு மூலைகளில் நால்வர்

ஆஸ்திரிய இசையமைப்பாளர் கியோர்க் ஃப்ரீட்ரிஷ் ஹாஸ் 2001-ல் எழுதிய மூன்றாவது 'ஸ்ட்ரிங் குவார்டெட்' முழு இருட்டில் வாசிக்க வேண்டியது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. கலைஞர்கள் ரசிகர்களைச் சுற்றி நான்கு மூலைகளில் உட்காருவார்கள். நோட்டைப் பார்க்க முடியாது; ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. ஒருவர் ஓர் ஒலியால் அழைப்பு விடுப்பார். மற்றவர்கள் அதை ஏற்கலாம், விட்டும்விடலாம். இப்படிக் குறைந்தது 35 நிமிடம்!

புனித வாரத்தில் மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே பாடுவது கத்தோலிக்க தேவாலயங்களின் பழைய வழக்கம். அந்த வழிபாட்டுக்காக இத்தாலியின் ஜெஸுவால்டோ 1611-ல் வெளியிட்ட இசையின் ஒரு பகுதியும் இதில் வருகிறது.

உடம்பில் என்ன நடக்கிறது?

சித்த மருத்துவம் கண்ணைத் தீயின் பொறி என்றும், காதை ஆகாயத்தின் பொறி என்றும் சொல்கிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் கண்தான் நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. கச்சேரியில்கூடப் பட்டுப்புடவையையும் பக்கத்து சீட்டையும் பார்க்கிறோம். பார்க்க ஒன்றுமே இல்லாதபோது கவனம் காதுக்குத் திரும்புகிறது. ஓர் ஒலி இரண்டு காதுகளுக்கும் வந்து சேரும் நேரத்தில், ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வித்தியாசம்தான் இருக்கும். அதை வைத்தே ஒலி வரும் திசையை மூளை கண்டுபிடித்துவிடுகிறது.

வீட்டில் செய்து பார்க்க

1. இரவு உணவு முடிந்து ஒரு மணி நேரம் போகட்டும். வயிறு நிறைந்திருந்தால் தூக்கம்தான் வரும்.

2. ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள். டி.வி., இன்வெர்ட்டர் ஆகியவற்றின் சின்ன விளக்குகளைத் துணியால் மூடுங்கள். செல்போன் வெளியே இருக்கட்டும்.

3. எல்லோரும் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். நிற்கும்போது தள்ளாடாமலிருக்கக் கண்ணும் உதவுகிறது; இருட்டில் அந்த உதவி கிடைக்காது. ஒருவர் கையில் டார்ச் இருக்கட்டும்.

4. வீட்டில் பாடுகிறவரோ வாசிக்கிறவரோ மனப்பாடமான உருப்படியை மைக் இல்லாமல் பாடட்டும். 15 நிமிடம் போதும். முதலில் கொஞ்சம் படபடப்பு இருக்கும். பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

5. முடிந்ததும் டியூப்லைட்டைப் போடாதீர்கள். சின்ன விளக்கு ஒன்றை ஏற்றி, இரண்டு நிமிடம் கழித்து எழுந்திருங்கள்.

யாருக்கு வேண்டாம்?

இருட்டென்றால் பயப்படுகிறவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள், அந்தி நேரத்தில் குழம்பிப்போகும் மறதி நோயாளிகள் தவிர்த்துவிடுங்கள். காதில் இரைச்சல் உள்ளவர்களுக்கு இருட்டின் அமைதியில் அது பெரிதாகத் தெரியலாம்.

இது எந்த நோய்க்கும் மருந்தல்ல. க்ளாகோமா சொட்டு மருந்தை ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாது என்று அந்தப் பெரியவரிடம் கண்டிப்பாகச் சொல்லித்தான் அனுப்பினேன். இன்னொன்று: ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பெரியவர் போன வாரம் மறுபடி வந்தார். முட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. "பேத்திக்கு மேல் ஷட்ஜம் ஒவ்வொரு தடவையும் ஒரு இழை இறங்கித்தான் வருது டாக்டர். இத்தனை நாள் என் காதுல விழவே இல்லை. இப்ப தினமும் ராத்திரி 'தாத்தா, சரியா இருக்கா?'ன்னு கேட்டுக் கேட்டு வாசிக்கறா" என்றார்.

பக்கத்திலிருந்த அந்த அம்மா சொன்னார்: "விளக்கை அணைச்சதும் எங்களுக்கும் ஒண்ணும் தெரியல டாக்டர். இவர்தான் எல்லாருக்கும் வழி சொன்னார்."