ஒரு துளி இரத்தமும் நுண்பெருக்காடியும்

காய்ச்சலுடன் மருந்தகம் செல்பவரின் விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் எடுப்பதைத் தோட்ட மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வந்துள்ளனர். "ஒரு துளியில் என்ன தெரிந்துவிடப் போகிறது? மாத்திரை கொடுத்தால் போதாதா?" என்று கேட்போரும் உண்டு. கேள்வி நியாயமானதே. அதற்குரிய விடை, அத்தகட்டை வைத்துப் பார்க்கும் கருவியில் இருக்கின்றது. மைக்ராஸ்கோப் என வழங்கப்படும் அக்கருவியைத் தமிழில் நுண்பெருக்காடி என்கிறோம்.

இரத்தத்திலுள்ள ஒரு சிவப்பணுவின் அகலம், ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஏழு பங்கு மட்டுமே. மலேரியாக் கிருமியோ அச்சிவப்பணுவிற்குள்ளேயே புகுந்து வளர்வது. வெறுங்கண்ணுக்கு இவை எங்ஙனம் புலப்படும்? நுண்பெருக்காடியில் இரண்டு இடங்களில் வில்லைகள் உள்ளன. தகட்டை ஒட்டியிருப்பது பொருளருகு வில்லை. நாம் கண் வைத்துப் பார்ப்பது கண்ணருகு வில்லை. முன்னது நூறு மடங்கும் பின்னது பத்து மடங்கும் பெருக்கினால், நாம் காணும் உருவம் ஆயிரம் மடங்கு பெரியது. அப்பொழுது ஒரு சிவப்பணு, பட்டாணி அளவில் தோன்றும்.

பெருக்கினால் மட்டும் போதாது, ஒளியும் வேண்டும். நூறு மடங்கு வில்லையின் துளை மிகச் சிறியது. கண்ணாடியிலிருந்து காற்றிற்கு வரும் ஒளி வளைந்து சிதறுவதால், அத்துளைக்குள் போதிய ஒளி புகுவதில்லை. ஆகவே தகட்டிற்கும் வில்லைக்கும் இடையே ஒரு துளி எண்ணெய் விடுகின்றனர். அவ்வெண்ணெய் ஒளியைக் கண்ணாடி போலவே செலுத்துவதால் உருவம் தெளிவடைகின்றது. கிருமி ஏறத்தாழ நிறமற்றது என்பதால், கீம்சா என்னும் சாயமும் ஏற்றப்படும். கிருமியின் உட்கரு சிவப்பாகவும் அதன் உடல் நீலமாகவும் அப்பொழுது தெரியும்.

இரத்தத்தைத் தகட்டில் இருவகையாகத் தடவுவர். ஒன்று தடித்த பூச்சு, மற்றொன்று மெல்லிய பூச்சு. தடித்த பூச்சில் நிறைய இரத்தம் இருப்பதால் கிருமி உண்டா இல்லையா என்பதை அறியலாம். மெல்லிய பூச்சில் அணுக்கள் தனித்தனியே பரந்திருப்பதால், அது எவ்வகைக் கிருமி என்பதை அறியலாம். முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கும் தாய்மார்களுக்கு இதை நாம் விளக்க வேண்டுவதில்லை. தடித்த பூச்சில் குறைந்தது நூறு பார்வைப் புலங்களையேனும் தேடிய பின்னரே "கிருமி இல்லை" என்று எழுத வேண்டும் என்பது நெறி. முடிவு வரத் தாமதமானால் அலுத்துக்கொள்பவர்கள் இவ்வுழைப்பையும் எண்ணிப் பார்ப்பது நலம்.

இக்கருவியின் பயனை நம் வட்டாரமே கண்டது. 1897இல் இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்ட் ரோஸ், கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியை நுண்பெருக்காடியின் வழியே கண்டார். நோயைப் பரப்புவது கொசுவே என்பது தெளிவாகிய சில ஆண்டுகளில், 1901இல், மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளானுக்கு வந்தார். அங்கும், இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹமிலும் சதுப்பு நீரை வடித்ததும் காய்ச்சல் பெரிதும் தணிந்தது. ஆனால் உட்பகுதிக் குன்றுகளில் இம்முறை பலிக்கவில்லை. காட்டை வெட்டி ரப்பர் நட்ட இடங்களில் காய்ச்சல் கூடவே செய்தது. 1890களிலேயே ரப்பர் நடப்பட்ட இன்ச் கென்னத் தோட்டம் அமைந்த காஜாங்கும் குன்றுகள் சூழ்ந்த பகுதியே. காரணம், கொசுவின் இனம் வேறு. கரையோரத்துக் கொசு நிழலடர்ந்த சதுப்பில் முட்டையிட்டது; குன்றுகளின் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடை நீரையே நாடியது. மரத்தை வெட்டியதால் வெயில் விழுந்தது. அக்கொசுவிற்கு வாழ்வு வந்தது! நிலத்தடிக் குழாய்களில் ஓடை நீரைச் செலுத்தியும், எண்ணெய் தெளித்தும் பின்னர் அதனை அடக்கினர். அதற்குள் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் எத்தனையோ பேர் தோட்டங்களில் மாண்டு போயினர்.

பள்ளியில் நுண்பெருக்காடியைக் கையாளும் பிள்ளைகளுக்கும் சில சொல்ல வேண்டும். எப்பொழுதும் குறைந்த பெருக்கமுடைய வில்லையில் தொடங்குக. வில்லையைத் தகட்டருகே கொணரும்போது பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொள்க. பின் கண்ணை வைத்து, வில்லையும் தகடும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும்படி திருகியே உருவத்தைத் தெளிவாக்குக. கண்ணை வைத்தபடி நெருக்கினால் தகடு உடையும், வில்லை கீறும். உருவம் தலைகீழாகத் தெரிந்தால் கருவி பழுதென எண்ண வேண்டா. நம் நாட்டின் ஈரக் காற்றில் வில்லையின் மேல் பூஞ்சணம் படரும். ஆதலால் உலர்ந்த பெட்டியில் வைத்தல் வேண்டும். சட்டைத் துணியால் துடைத்தல் கூடவே கூடாது.

இக்கருவிக்கும் எல்லை உண்டு. ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ பாதியினும் சிறியவற்றை அது பிரித்துக் காட்டாது. டெங்கிக் கிருமி அத்தகையது. அதற்கு வேறு இரத்தப் பரிசோதனை உண்டு. மற்றொரு இடர்ப்பாடு குரங்குகளிடமிருந்து வரும் நோலெசி மலேரியா. நுண்பெருக்காடியில் அது வேறொரு மலேரியாக் கிருமியைப் போலவே தோன்றும். சரவாக்கின் காப்பிட் பகுதியில் பல்பீர் சிங்கும் அவர்தம் குழுவினரும் மரபணுச் சோதனையால் இதை வெளிப்படுத்தி, 2004இல் அறிவித்தனர். மனிதரிடையே பரவும் மலேரியா 2018 முதல் மலேசியாவில் உள்நாட்டில் தோன்றவில்லை. குரங்கு மலேரியாவோ நீங்கவில்லை. இக்கிருமி 24 மணி நேரத்திற்கொரு முறை பெருகுவதால் நோய் விரைந்து முற்றும்.

எனவே காட்டோரத்தில் மரம் சீவுபவரும், காட்டிற்குள் சென்று வந்தவரும், காய்ச்சல் கண்டால் அச்செய்தியை மருத்துவரிடம் முதலிலேயே கூற வேண்டும். முதல் தகட்டில் கிருமி இல்லையென வந்தும் காய்ச்சல் நீடித்தால், மறுநாளும் இரத்தம் கேட்பர். அப்பொழுதும் விரலை நீட்டுங்கள்.