குடலழற்சியும் நம் அடுக்களை மருந்தும்



சமணப் புலவர் கணிமேதாவியார் தம் அறநூலுக்கு ‘ஏலாதி’ எனச் சூரணம் ஒன்றன் பெயரையே இட்டார். ஏலம், சுக்கு, மிளகு, திப்பிலி முதலிய ஆறு சரக்குகள் சேர்ந்தது அது. அம்மரபில் வந்த நம் இல்லங்களில் வயிற்று நோய்க்குக் கைம்மருந்து குறைவின்றி உண்டு. அதன் பயனையும் எல்லையையும் ஈண்டுக் காண்போம்.

நோய்: குடலின் உட்சுவர் நெடுநாள் அழன்று புண்ணாவதே குடலழற்சி. பெருங்குடலைப் பற்றுவது ‘அல்சரேட்டிவ் கோலைடிஸ்’. உணவுப்பாதையின் எப்பகுதியிலும் வரக்கூடியது ‘குரோன்’ நோய். சித்த மருத்துவர் இவற்றின் குறிகளைக் கழிச்சல், கிராணி என்னும் பிரிவுகளில் வைத்து ஆராய்வர்.

காப்பு: தஞ்சைப் பகுதி இல்லங்களில் சுண்டை வற்றல், மணத்தக்காளி வற்றல், வேப்பம்பூ, சுக்கு, மிளகு, சீரகம் சேர்த்து இடிக்கும் அங்காயப்பொடி செரிமானத்திற்குத் துணையாகும். வடிகட்டிக் காய்ச்சிய நீரும், பொழுது சாயுமுன் அளவாக உண்பதும் நம் வழக்கம். காய்ச்சிய நீர் சீதபேதியைத் தடுக்கும். ஆயின், குடலழற்சியை வாராமற் காக்கும் மூலிகை என எதுவும் இன்றுவரை நிறுவப்படவில்லை. புண்ணுற்ற குடலுக்குக் காரச் சரக்குகள் துன்பமும் தரலாம்.

மஞ்சள்: 2006-இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வில், நோய் தணிந்திருந்த 89 பேருள் ஒரு சாராருக்கு வழக்கமான மருந்துடன் நாளும் 2 கிராம் குர்க்குமின் ஆறு திங்கள் தரப்பட்டது. அவர்களுள் நோய் மீண்டவர் குறைவு. இதில் இரண்டு உண்மைகளைக் கருதுக. ஒன்று, அவர்கள் மருந்தை நிறுத்தவில்லை. மற்றொன்று, மஞ்சளில் குர்க்குமின் நூற்றுக்கு ஏறக்குறைய 3 பங்கே. குழம்பில் இடும் மஞ்சள் அவ்வளவிற்கு ஈடாகாது.

எமது அனுபவம்: குடவாசலில் யாம் பணியாற்றிய நாளில் உடனிருந்த ஆசிரியை ஒருவருக்குக் குருதிக் கழிச்சல் கண்டது. மாதுளை ஓட்டுக் கஷாயமே போதும் என்றோம். காய்ச்சிக் கொடுத்தவர்களுள் யாமும் ஒருவர். துவர்ப்பால் கழிச்சல் சற்று நின்றது, புண் ஆறவில்லை. எட்டுத் திங்கள் கழித்து, குருதி வற்றி நடக்கவும் இயலாத நிலையில் மருத்துவமனை சேர்ந்தார். பிழைத்தார். எனினும் அக்கஷாயக் குவளை இன்றும் எம் நெஞ்சை உறுத்துகின்றது.

கடைப்பிடிக்க வேண்டியன:

1. மலத்தில் குருதி, காய்ச்சல், எடைக்குறைவு, இரவில் எழுப்பும் கழிச்சல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் உடனே மருத்துவரை அணுகுக. சீதபேதியும் குடற்காசமும் இதே குறிகளைக் காட்டும். சோதனையின்றிப் பிரித்தறிய இயலாது.

2. மூலிகை உண்பதை மருத்துவரிடம் மறைக்கற்க. அவர் தந்த மருந்தைத் தாமே நிறுத்தற்க.

3. சித்த மருந்துக்குத் தேன் அனுபானமாகக் கூறப்படின், நமக்கு அது விலக்கென உரைத்து வேறு அனுபானம் கேட்டுப் பெறுக.

இல்லத்தில் வினவுக: கழிச்சல் நிற்பதும் நோய் தீர்வதும் ஒன்றா? நம் வீட்டில் எவரேனும் இக்குறியை நாணத்தால் மறைக்கின்றனரா?

இரண்டாம் வினாவை முதலில் கேட்பது நன்று.