புதன்கிழமை ஊசி நாள்

தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் குழந்தைகளுக்குத் தடுப்பூசி நாள். ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையம், பல ஊர்களில் அங்கன்வாடி என எங்கு போட்டாலும் இலவசம். உங்கள் பகுதிக்கு எங்கே, எத்தனை மணிக்கு என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். 104-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

பிறந்தவுடன், பிறகு 6, 10, 14 வாரங்களில், 9 மாதம் முடிந்ததும், ஒன்றரை வயதை ஒட்டி, 5 வயதில் என்று தவணைகள் வரும். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போன இடத்தில் தவணை தவறிவிடுவதுண்டு. அங்கேயே போட்டுக்கொள்ளலாம், தடுப்பூசி அட்டை கையில் இருந்தால் சரி. அதை இன்றே செல்போனில் படம் எடுத்து வையுங்கள். தவறிவிட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். லேசான சளிக்காகத் தள்ளிப்போடவும் தேவையில்லை.

ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருங்கள். இரவு காய்ச்சல் அடித்தால் செவிலியர் சொன்ன அளவில் பாராசிட்டமால், அடிக்கடி தாய்ப்பால். ஊசி போட்ட தொடையைத் தேய்க்காதீர்கள்.

பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்ட இடது கையில் சில வாரம் கழித்துச் சின்னக் கொப்புளம் வந்து, உடைந்து, தழும்பாகும். அது இயல்புதான், எதையும் தடவக் கூடாது. பாட்டி மஞ்சளோடு வருவார், சமாளியுங்கள்.