முகத்தைப் படிக்கும் யந்திரம்

மாத்தூர்.

சிரஞ்சீவி மருமகனுக்கு,

மனிதரின் கோபத்தையும் துக்கத்தையும் கண்டறியும் யந்திரங்களைப் பற்றியும், அவற்றுக்காக மூளையைப் பின்பற்றிச் செய்யப்படும் மின்னணுச் சாதனங்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். பௌதிகம் பயில விரும்புகிறவனுக்கு உசிதமான கேள்விதான்.

நாம் உபயோகிக்கும் கணினியில் நினைவகம் ஓரிடத்திலும் கணக்கிடும் உறுப்பு வேறிடத்திலும் இருப்பதால், ஒரு முகத்தை ஆராய்வதற்குள் லட்சக்கணக்கான எண்கள் இவ்விரண்டுக்கும் இடையே ஓயாமல் போய்வர, துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்றே டீசலை எரிப்பதுபோல, மின்சக்தியின் பெரும்பகுதி போக்குவரத்திலேயே விரயமாகிறது. ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் கொண்ட நம் மூளையோ, நினைவையும் கணக்கையும் நரம்பணுக்கள் கூடும் ஒரே சந்திப்பில் வைத்துக்கொண்டு, சுமார் 20 வாட் சக்தியில் தன் காரியங்களை எல்லாம் நடத்துகிறது.

இந்தச் சந்திப்பைப் போன்றதே மெம்ரிஸ்டர். 1971இல் மின்னியல் அறிஞர் லியோன் சுவா கணித வாயிலாக ஊகித்ததும், 2008இல் ஹெச்.பி. ஆய்வுக்கூடத்தார் டைட்டானியம் டை ஆக்சைடு ஏட்டில் செய்து காட்டியதுமான அச்சாதனம், தன் வழியே முன்பு பாய்ந்த மின்சாரத்துக்கேற்பத் தன் தடையை மாற்றிக்கொண்டு, மின்சாரம் நின்ற பின்னும் அதை மறவாதிருக்கும். குறுக்கும் நெடுக்குமான கம்பிகளின் ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு மெம்ரிஸ்டரை வைத்து மின்னழுத்தம் கொடுத்தால், ஓமின் விதி பெருக்கலையும் கிர்ச்சாஃபின் விதி கூட்டலையும் இருந்த இடத்திலேயே முடித்துவிடுகின்றன; பள்ளியில் நீ படித்த இரு விதிகள் இத்தனை பெரிய வேலையைச் செய்வதை நினைக்கையில் எனக்கு உண்மையாகவே ஆனந்தம் உண்டாகிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஸ்ரீதோஷ் கோஸ்வாமியின் குழுவினர், மூலக்கூறுகளாலான ஏட்டைக் கொண்ட மெம்ரிஸ்டரில் 16,520 வேறுபட்ட நிலைகளைப் பதியச் செய்து, 2024இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியிட்டனர்.

யந்திரம் விரைந்து கணக்கிடலாம். எதைக் கணக்கிடுகிறது என்பதே கேள்வி. மனிதர்க்கெல்லாம் பொதுவான அடிப்படை உணர்ச்சிகள் ஆறு என்ற உளவியலாளர் பால் எக்மனின் கொள்கையைத் தழுவியே இத்தகைய யந்திரங்கள் பலவும் பயிற்றப்படுகின்றன. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலோ எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுவதோடு அமையாமல், ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்களையும் வகுக்கிறது. அவமானம், இழப்பு, முன்னிருந்த நிலையினின்று தாழ்தல், வறுமை ஆகிய நான்கினாலும் அழுகை பிறக்கும். காமிரா கண்ணீரைக் காணும். நான்கில் எதனால் வந்தது என்பதைக் காணாது. இரவெல்லாம் எண்ணூர் சாலையில் காத்திருந்த லாரி ஓட்டுநர் காலை வெயிலில் புருவம் நெரிப்பதை யந்திரம் கோபமென்று பதிவு செய்து முதலாளிக்கு அனுப்பினால், அவர் கதி என்ன?

ஆகவே, லாரியிலேயே பொருத்திய சிறு சில்லு, கண் செருகுவதைக் கண்டு ஓட்டுநரை எழுப்பிவிட்டு, படத்தை எங்கும் அனுப்பாதிருக்குமானால், அதை மனமார வரவேற்பேன். குறைந்த சக்தியில் இயங்கும் மெம்ரிஸ்டர் போன்றவை அதற்கு மிகவும் ஏற்றவை. வேலையிடத்திலும் கல்விக்கூடத்திலும் உணர்ச்சியை ஊகிக்கும் யந்திரங்களை, மருத்துவமும் பாதுகாப்பும் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருக்கிறது. இங்குள்ள மணலி, திருவொற்றியூர்த் தொழிலாளருக்கும் அத்தகைய சட்டப் பாதுகாப்பு அவசியம் என்பது என் திடமான அபிப்பிராயம். உன் கருத்தையும் விவரமாக எழுது.

இங்ஙனம்,
அன்புள்ள மாமா