ஜீயஸின் பிள்ளையும் குந்தா மலையின் எருமைகளும்

அன்புள்ள மருமகனுக்கு,

குன்னூரில் மூன்று நாளாக மூடுபனி, பள்ளிக்கூடம் லீவு, அக்காவின் பழைய லேப்டாப்பில் 'பாப்புலஸ் 2' கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். இடியாக இறக்கியும் இரண்டாவது உலகத்திலேயே தோற்றுப்போகிறாயாம். கோளாறு இடியில் இல்லை, மண்ணில்.

இங்கிலாந்தின் கில்ஃபோர்டு நகரில் இருந்த புல்ஃபிராக் நிறுவனம் 1991இல் வெளியிட்ட ஆட்டம் அது. 1989இல் வந்த முதல் 'பாப்புலஸ்'தான் 'கடவுள் ஆட்டம்' என்ற வகைக்கே பேர் வாங்கிக் கொடுத்தது. அதை வடிவமைத்த பீட்டர் மோலினியூ பின்னாளில் சொன்ன கதை வேடிக்கையானது. திரையில் நடமாடிய குட்டி மனிதர்கள் மேடு பள்ளங்களில் முட்டிக்கொண்டு நின்றார்களாம். அவர்களாகவே வழி கண்டுபிடிக்கும்படி நிரல் எழுத அவருக்குக் கைவரவில்லை. சரி, ஆடுகிறவரே மேட்டைத் தணித்து வழிவிடட்டும் என்று விட்டுவிட்டார். சமாளிப்புக்குச் செய்ததே ஆட்டத்தின் உயிராகிப் போனது.

இரண்டாம் பாகத்தில் கிரேக்கப் புராணம் சேர்ந்துகொண்டது. ஆடுகிறவர் ஜீயஸுக்கும் ஒரு மானிடப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளை. தேவர்களை ஒவ்வொருவராக வென்று ஒலிம்பஸில் இடம் பிடிக்க வேண்டும். மக்கள், தாவரம், மண், காற்று, நெருப்பு, நீர் என ஆறு துறைகள். துறைக்கு ஒரு நாயகர்: நெருப்புக்கு அக்கிலீஸ், மண்ணுக்கு ஹெரக்ளீஸ், நீருக்கு ட்ராய் நகரத்து ஹெலன். ஆனால் எதை ஏவவும் 'மானா' வேண்டும். அது மக்கள் பெருகினால்தான் ஊறும். மக்களை இன்ன இடத்தில் வீடு கட்டு என்று அதட்டவும் முடியாது. சமதளம் தென்பட்டால் அவர்களே கட்டிக்கொள்வார்கள். தளம் அகல அகலக் குடிசை கோட்டையாகும். ஆகவே முதலில் நிலத்தை மட்டம் பண்ணு. இடி பிறகு.

நீலகிரிக்காரனுக்கு இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. படுகர் ஊர்களான ஹட்டிகளில் சரிவை மட்டமாக்கி வரிசையாக வீடு கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறாய். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்புகளான லயன்களும் அப்படித்தான். 1820களில் ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவன் ஓடையை மறித்து ஊட்டி ஏரியை உண்டாக்கினார். பிறகு வந்தவர்கள் புல்வெளிகளில் கற்பூர மரத்தையும் சீகையையும் நட்டார்கள். குந்தா மின்திட்டத்துக்கு அணைகள் எழுந்தன. இருநூறு வருடமாக யாராவது ஒருவர் இந்த மலையில் 'பாப்புலஸ்' ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்.

ஒரு வித்தியாசம் உண்டு. திரையில் வெட்டிய மண், எதிரி கை வைக்காதவரை, அப்படியே நிற்கும். இங்கே 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. மழை கொட்டியது. 2009 நவம்பர் மழையில் மாவட்டமெங்கும் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவலாஞ்சி என்ற பெயரே பழைய நிலச்சரிவு ஒன்றால் வந்தது என்பார்கள்.

இந்த மலைக்கென்று வேறொரு கடவுள் கதை இருக்கிறது. ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இங்குள்ள தொதவப் பழங்குடியினரிடம் கேட்டு எழுதி, 1906இல் அச்சான புத்தகத்தில் சேர்த்தது. ஓன் என்ற தெய்வம் தன் மனைவியோடு குந்தா மலை உச்சிக்குப் போய் நீளமாக ஓர் இரும்புக் கம்பியைப் போடுகிறது. ஒரு முனையில் நின்று ஓன் மண்ணுக்குள்ளிருந்து 1,600 எருமைகளை வெளியே கொண்டுவர, மறுமுனையில் மனைவி 1,800 கொண்டுவருகிறாள். (கணக்கில் அவள்தான் ஜெயித்தாள்.) ஓனின் கடைசி எருமையின் வாலைப் பிடித்தபடி வெளியே வந்தவன்தான் முதல் தொதவன். ஜீயஸின் கதையைவிட நல்ல ஆட்டம் இதில் ஒளிந்திருக்கிறது என்பது என் கட்சி. போர் இல்லை, எருமைதான் மானா, மனிதன் கடைசியில்தான் வருவான்.

நீ கணினி படித்து அதைச் செய்வதாக இருந்தால் ஒரு சிக்கலை இப்போதே யோசித்து வை. தொதவர்களின் தெய்வங்கள் ஆளுக்கொரு சிகரத்தில் குடியிருப்பவை. அந்தச் சிகரங்களை விரல் நீட்டிக் காட்டக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். மலையைச் சுட்டிக்காட்டாமல், சுட்டியைப் பிடித்து ஆடும் ஆட்டத்தை எப்படிச் செய்வாய்?

அன்புடன்,
மாமா