பட்டினி போட்டால் தின்னுமா?
கடல் மீன் வளர்ப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கொளத்தூர் கடையில் வாங்கிய கடல் மீன், பாலிதீன் பையில் படாளம் வந்து சேர இரண்டு மூன்று மணி நேரம் ஆகிவிடும். தொட்டியில் விட்டதும் மூலையில் ஒதுங்கி, தீனியை ஏறிட்டும் பார்க்காது. உடனே ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். அந்த வைத்தியங்களில் சில மீனையே கொன்றுவிடும்.

நம்பிக்கை: பசித்தால் தானாகத் தின்னும்.

உண்மை: எல்லா மீனும் அப்படியில்லை. வண்ணத்துப்பூச்சி மீன்களில் சில இனங்களுக்குப் பவளம்தான் சாப்பாடு. கண்ணெதிரே தீனி மிதந்தாலும் அது உணவென்றே அவற்றுக்குத் தெரியாது, பட்டினியிலேயே சாகும். மாண்டரின் மீன் பாறை இடுக்கில் ஊரும் சிற்றுயிர்களை நாள் முழுக்கக் கொத்தித் தின்பது. கடல் குதிரைக்கு வயிறே கிடையாது, அடிக்கடி தின்றாக வேண்டும். அதைக் கடலிலிருந்து பிடிப்பதும் விற்பதும் 2001 முதல் சட்டப்படி குற்றம் என்பதால் அந்த ஆசையே வேண்டாம்.

நம்பிக்கை: தின்னவில்லையா, இன்னும் கொஞ்சம் போட்டுப் பார்.

உண்மை: தின்னாத தீனி அழுகி அம்மோனியாவாகும். நன்னீர்த் தொட்டியை விடக் கடல்நீர்த் தொட்டியில் இது பெரிய ஆபத்து. கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் இருக்கும். பி.எச். 7 உள்ள நீரோடு ஒப்பிட்டால், அதே அளவு அம்மோனியாவில் நஞ்சாக மாறும் பங்கு 10 மடங்குக்கு மேல் போய்விடும். செவுள் எரியும் மீனுக்குப் பசி எங்கிருந்து வரும்? முதல் நாள் விளக்கை அணைத்து, ஒளிந்துகொள்ள ஒரு பி.வி.சி. குழாயைப் போட்டு, சும்மா விடுங்கள். மறுநாள் ஒரு சிட்டிகை போடுங்கள். சில நிமிடங்களில் தொடாவிட்டால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். புதுத் தொட்டி என்றால், கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீனே வாங்காதீர்கள்.

நம்பிக்கை: மாமல்லபுரம் பக்கத்திலேயே இருக்கிறது, கேனில் பிடித்து வந்தால் அதைவிட நல்ல நீர் ஏது?

உண்மை: கரையோர நீர் ஆண்டு முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் பாலாறும் முட்டுக்காட்டுக் கழிமுகமும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும்; கடலோர நீரோட்டம் வங்கத்து ஆறுகளின் நீரையும் தெற்கே இழுத்து வரும். உப்பு இறங்கிவிடும், அலையடிக்கும் இடத்தில் வண்டலும் அதிகம். ஆர்.ஓ. நீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்து, உப்புமானியால் அளந்து பயன்படுத்துவதே நம்பகமானது.

கடையில் என்ன உப்பு அளவு என்று கேட்காமல் வராதீர்கள். ஒட்டுண்ணிக்குப் பயந்து பல கடைகளில் உப்பைக் குறைத்தே வைத்திருப்பார்கள். கடல் மீனின் உடல் திரவத்தில் உப்பு, கடலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால் உடம்பிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கும். கடல்நீரைக் குடித்துத்தான் மீன் அதை ஈடுகட்டுகிறது. உப்பு திடீரென ஏறினால் உடல் வற்றும், தீனி மறந்துபோகும். தனித் தொட்டியில் கடையின் அளவிலேயே தொடங்கி, சில நாட்களில் மெல்ல ஏற்றுங்கள்.

நம்பிக்கை: ஆர்ட்டீமியா போட்டால் போதும்.

உண்மை: அது ஆசைகாட்டும் தீனி. உயிரோடு துள்ளும் இந்தக் குட்டி உவர்நீர் இறாலைக் கண்டதும் மீன் பாயும். ஆனால் கடல் மீன்கள் தம் உடலில் போதிய அளவு உற்பத்தி செய்ய முடியாத டி.எச்.ஏ. என்ற கொழுப்பு அமிலம் அதில் மிகக் குறைவு. வாய் திறக்கப் பழகியதும் உறைந்த மைசிஸ் கூனி, பொடியாக நறுக்கிய இறால், பிறகு கடல் மீனுக்கான குருணை என்று மாற்றுங்கள். புதுச் சென்னாக்கூனி கிடைத்தால் கழுவி உறையவைத்துப் போடலாம். உப்பிட்டுக் காயவைத்தது வேண்டாம்.

நம்பிக்கை: பூண்டுச் சாறு பசியைத் தூண்டும், வெள்ளைப் புள்ளி நோயையும் ஆற்றும்.

உண்மை: வாசனைக்குச் சில மீன்கள் கிட்டே வரலாம். வெள்ளைப் புள்ளி ஒட்டுண்ணியோ மீனிலிருந்து உதிர்ந்து, தொட்டியடியில் கூடுகட்டிப் பெருகி, மறுபடி மீனில் ஏறும்; பூண்டால் அது போகாது. புது மீனை ஒரு மாதம் தனியே வைப்பதுதான் தடுப்பு.

நம்பிக்கை: கடலில் பிடித்த மீன்தான் திடமானது.

உண்மை: பண்ணையில் பொரித்த கோமாளி மீன், குஞ்சிலிருந்தே குருணை தின்று பழகியது, கடல் தாமரை கூட அதற்குத் தேவையில்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இவற்றைப் பொரிக்க வைத்திருக்கிறது. நம் பக்கத்து முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் மோனோ என்ற வெள்ளி நிற மீனை இனப்பெருக்கம் செய்திருக்கிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு இவையே பொருத்தம்.

எதை வாங்கினாலும், பணம் கொடுக்கும் முன் கடைக்காரரை உங்கள் கண்ணெதிரே தீனி போடச் சொல்லுங்கள். அங்கே தின்னாத மீனை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.