13.6-லிருந்து 14.9-க்கு

திருவாரூர்ப் பக்கத்துக் களிமண்ணில் டிராக்டர் ஓட்டுகிறவர்கள் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்துவிடுவார்கள்: பின்பக்கம் 13.6-28 டயரைக் கழற்றிவிட்டு 14.9-28 போடலாமா? போடலாம். 45 குதிரைத்திறன் கொண்ட என் டூ வீல் டிரைவ் வண்டியில் போட்டிருக்கிறேன். புழுதி உழவில் பிடிமானம் கூடியிருக்கிறது, சேற்றில் புதைவது குறைந்திருக்கிறது. ஆனால் டயரை மாற்றினால் மட்கார்டு இடைவெளி, டாப் லிங்க், கேஜ் வீல் என்று வரிசையாகப் பலவற்றையும் திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

முதலில் ரிம். 13.6 டயர் பெரும்பாலும் டபிள்யூ 12 ரிம்மில் உட்கார்ந்திருக்கும். 14.9-க்கு உரியது டபிள்யூ 13. ஆனால் 12-லும் ஏற்றலாம் என்று டயர் கம்பெனிகளின் அட்டவணையே அனுமதிக்கிறது. ரிம் வாங்கும் செலவில்லாமல் இந்த ஒரு படியை ஏற முடிவது இதனால்தான். 16.9-28 டயருக்கு 15 அங்குல ரிம் வேண்டும். அதை 12-இல் திணித்து ஏற்றினால் டயர் நடுவில் முதுகு தூக்கிக்கொள்ளும். ஓரத்துப் பட்டன்கள் மண்ணைத் தொடாது, நடுப்பகுதி மட்டும் தேயும். அகலத்துக்காகக் கொடுத்த காசு அகலமாக வேலை செய்யாது.

கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறினாலும் 13.6-28 டயரின் உயரம் சுமார் 1310 மில்லிமீட்டர், 14.9-28 சுமார் 1365. அப்படியென்றால் பின் ஆக்சில் ஓர் அங்குலம் உயர்கிறது. கலப்பையும் சேர்ந்து தூக்கிக்கொள்ளும், டாப் லிங்க்கைத் திருப்பி ஆழத்தைச் சரிசெய்ய வேண்டும். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதலாக ஓடும், அதே கியரில் இழுவிசை அந்த அளவு குறையும். 4 சதவீதத்தை இன்ஜின் தாங்கிக்கொள்ளும். 16.9-க்குப் போனால் அது 9 சதவீதம். நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரோடு பாலத்து மேட்டில் ஏறும்போது கியரைக் குறைத்தே ஆகவேண்டும், பிரேக்குக்கும் வேலை கூடும்.

டயர் அகலம் 33 மில்லிமீட்டர் கூடுவதால் உட்பக்கம் மட்கார்டுக்கும் ஹைட்ராலிக் கைகளுக்கும் உள்ள இடைவெளி குறையும். வண்டி நிற்கும்போது பார்த்தால் போதாது. ரோட்டோவேட்டரை முழு உயரத்துக்குத் தூக்கி, இரு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். இடித்தால் டிஸ்க்கைத் திருப்பிப் போட்டு அகலத்தைக் கூட்டலாம். அப்போது இடது சக்கரத்தை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பட்டன்கள் எதிர்த்திசையில் ஓடும்.

டெல்டாக்காரர்கள் அதிகம் யோசிக்க வேண்டியது கேஜ் வீலைப் பற்றித்தான். சேற்றுழவுக்காக டயருக்கு வெளியே மாட்டுகிற அரைக் கேஜ் வீல் பழைய டயரின் உயரத்துக்கு அளவெடுத்துச் செய்தது. ரோட்டில் போகும்போது தார் மேல் படாமல், சேற்றில் டயர் கொஞ்சம் புதைந்ததும் மண்ணைக் கடிக்கும்படி டயரைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும். டயர் பெரிதானதும் அது இன்னும் ஓர் அங்குலம் மேலே போய்விடுகிறது. ஆழச் சேற்றில் பிரச்சினை இல்லை. தண்ணீர் கட்டிய முதல் உழவில், அடிமண் கெட்டியாக இருக்கும்போது, கேஜ் வீல் சும்மா சுற்றும், டயர் மட்டும் வழுக்கும். சக்கரத்தின் தகடுகள் மேல் இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்து உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம், எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்து தருவார்கள். எல்லாத் தகட்டிலும் ஒரே உயரம் இருக்கட்டும். ஒன்று தூக்கலாக இருந்தால்கூட வண்டி குலுங்கி ஆக்சில் பேரிங் அடி வாங்கும். டயர் விலையோடு இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பெரிய டயருக்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியதும் உண்டு. டயரின் பக்கச்சுவரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிக்கொண்டு பத்துச் சுற்று ஓட்டுங்கள். தூரத்தை அளந்துகொள்ளுங்கள், 40 மீட்டர் அளவில் வரும். பிறகு கலப்பையை இறக்கி உழுதபடி அதே பத்துச் சுற்று. 34 மீட்டருக்கு மேல் வந்தால் வழுக்கல் 15 சதவீதத்துக்குள் இருக்கிறது, இருக்கிற டயரே போதும். அதற்கும் கீழே வந்தால் முதலில் காற்றைப் பாருங்கள். ரோட்டுக்கு ஏற்றிய அழுத்தத்தோடு வயலில் இறங்குவதுதான் நம்மிடம் அதிகம். உழவுக்கு 12 முதல் 14 பவுண்டு போதும். அடுத்து டியூபில் தண்ணீர். வால்வு உச்சியில் இருக்கும்படி நிறுத்தி வால்வு மட்டம்வரை நிரப்பினால் முக்கால் பாகம் நிறையும். 13.6-28-இல் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 190 லிட்டர், அதாவது 190 கிலோ எடை. நம் ஊரில் தண்ணீர் உறையாது, வெறும் தண்ணீரே போதுமானது. பலருக்கு இத்தோடு தேவை தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு. புழுதி உழவுக்கு இது சரி. சேற்றில் எடை கூடினால் புதையும், நடவுக்கு முன் இறக்கிவிடுங்கள்.

ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் பின் டயரை மட்டும் பெரிதாக்கவே கூடாது. முன் சக்கரம் பின்சக்கரத்தைவிட ஓரிரு சதவீதம் முந்தி ஓடும்படி பல் சக்கரங்களைக் கணக்கிட்டே அமைத்திருக்கிறார்கள். பின்னால் 4 சதவீதம் கூடினால் அந்தக் கணக்கு தலைகீழாகி முன் டயர் இழுபடும். டயர் தேய்வது பரவாயில்லை, முன் ஆக்சிலின் பற்கள் உடைந்தால் செலவு டயர் விலையைத் தாண்டும். மாற்றுவதென்றால் முன்னும் பின்னும் சேர்த்து, கம்பெனி கையேட்டில் சொன்ன ஜோடியாகவே மாற்றுங்கள். டூ வீல் வண்டியிலும் இரண்டு பின் டயரும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கட்டும். உயரம் வேறுபட்டால் நேராக ஓடும்போதும் டிஃபரன்ஷியல் ஓய்வில்லாமல் சுற்றும்.

ரிம்மில் பொறித்த எண் துருவுக்கு அடியில் மறைந்திருக்கும். டயர் கடைக்குக் கிளம்பும் முன் அதைச் சுரண்டிப் படமெடுத்துக்கொண்டு போங்கள்.